கிளாக்கரையாவின் துவக்கில் பின் சைட் போட்ட கதை

மலையகத்து ஹற்றன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்பட்டபோது தன் துவக்கைக் கிளாக்கரையாவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம். வின்செஸ்டர் 1894 மாடல், லீவர் இழுத்துச் சுடுவது, எட்டுப் பட்டைக் குழல், தேர்ட்டி-தேர்ட்டி ரவை. ஜோன் பிரௌனிங் என்ற மனுஷன் வரைந்த துவக்கு. கையில் எடுத்தாலே நல்ல கையால் செய்த சாமான் என்று தெரியும். பின் சைட், அதாவது குறி பார்க்கக் கண்ணுக்குக் கிட்ட இருக்கும் வெட்டு வைத்த தகடு, அது மட்டும் யாரோ எதையோ அடித்து ஏற்றியது. ஒரு பக்கம் சரிந்து, அடியில் சோடாப் போத்தல் மூடியை வெட்டிச் சொருகியிருந்தார்கள்.

“மாமா, ஒரு சைட் வாங்கிப் போட்டுத் தாங்கோ” என்றார். வாங்கிப் போடுவது கடைசி வேலை, முதலில் அளக்க வேண்டும் என்றேன்.

அதற்கும் முன்னால் கடதாசி. இலங்கையில் துவக்கு என்றால் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சுடுகலன் கட்டளைச் சட்டம்; உரிமத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். நான் கொழும்புத் துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கொட்டாஞ்சேனை வீட்டில் சாமானை இறுக்கிப் பிடிக்கும் நல்ல வைஸ் இருந்தாலும் அங்கே துவக்கு வேலை செய்வதில்லை. உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரின் பட்டறையில், உரிமக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் தொடுவேன். வெளிநாட்டிலிருந்து சைட் தருவிப்பதென்றாலும் அந்த வியாபாரி மூலமாகவே அனுமதி கேளுங்கள். துவக்குப் பாகம் என்று எழுதிய பொதி உங்கள் பெயரில் சுங்கத்தில் கிடந்தால், ஒரு நாளில் தீராத அலைச்சல்.

வேலையைத் தொடங்கும்போது லீவரை முழுக்கத் திறந்து, அறைக்குள் ரவை இல்லையென்று கண்ணால் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள். குழலுக்கு அடியில் இருக்கும் மகசீன் குழாயிலும், ரவை அடுக்கும் இடம் அது, ஒன்று ஒளிந்திருக்கும்; ரவை வருவது நிற்கும்வரை லீவரை ஆட்டிப் பாருங்கள். மேசையில் ஒரு ரவையும் இருக்கக் கூடாது.

இனி அளவு. அமெரிக்கத் துவக்குகளில் பின் சைட் உட்காரும் காடி, குழலுக்குக் குறுக்கே வெட்டியது. மேலே ஒடுங்கி அடியில் அகன்றிருக்கும், டவ்டெயில் என்பார்கள். வழக்கமான அகலம் 3/8 அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர். 11 மில்லிமீட்டர் டவ்டெயில் என்று விற்பது காற்றுத் துவக்குகளின் மேலே நீளவாட்டில் ஓடும் தண்டவாளத்துக்கானது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒன்றரை மில்லிமீட்டர்தானே, ராவினால் சரி என்று அதை வாங்கிவிட்டார். இது குறுக்கே போவது, அது நெடுக்கே போவது, எவ்வளவு ராவினாலும் உட்காராது. இப்போது அது அவருடைய மேசையில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

அகலத்தைவிட உயரத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுவது. ஒரே மாடலில் எட்டுப் பட்டை நீளக் குழலும் உண்டு, கார்பைன் என்கிற குட்டைத் துவக்கின் மெல்லிய உருண்டைக் குழலும் உண்டு. ஒன்றுக்குப் பொருந்தும் சைட் மற்றதில் பொட்டுப் போல அமுங்கும், அல்லது கொக்குப் போல நிற்கும். குழலும் ஒரே பருமன் இல்லை, முனைக்குப் போகப் போகச் சிறுக்கும். அதனால் குழலின் மேல்தோலிலிருந்து அளக்காமல் நடு அச்சிலிருந்து அளக்க வேண்டும்.

தம்பியின் துவக்கில் வேனியர் என்கிற நுண்ணளவுக் கருவி வைத்து எடுத்த கணக்கு இது. முன் சைட் நிற்கும் இடத்தில் குழலின் பருமனில் பாதி 8.4 மில்லிமீட்டர். முன் சைட்டின் உயரம் 11.9. கூட்டினால் 20.3. பின் காடி இருக்கும் இடத்தில் குழலில் பாதி 10.7. கழித்தால் 9.6. ரவை போகிற வழியில் கொஞ்சம் விழும், கண் கோடோ குழலுக்கு மேலே இருக்கிறது. 50 மீட்டருக்கு இரண்டையும் சேர்த்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டேன். ஆக, பின் சைட்டின் வெட்டு குழலுக்கு மேலே 10.1 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். அதுவும் சைட்டுக்கு அடியில் அதை ஏற்றி இறக்க வரும் படிக்கட்டுத் தகடு நடுப்படியில் இருக்கும்போது. கீழ்ப்படியில் வைத்து அளந்து வாங்கினால் இறக்க இடமிருக்காது.

எந்த வடிவம் என்று தம்பி கேட்டார். பழைய படங்களில் இரண்டு பக்கமும் மான்கொம்பு வளைந்தது போல ஒரு சைட் வரும். பார்க்க அழகுதான், ஆனால் பாதி இலக்கைக் கொம்பே மறைத்துவிடும். அரைக் கொம்பு வைத்தது போதும், அந்தக் காலத்து லீவர் துவக்குகளிலும் அதுதான் பரவலாக வந்தது. பழைய கார்பைன்களில் ஏணி மாதிரி நிமிர்த்தும் சைட் வரும். இது நீளக் குழல், ஆகவே அதை விட்டுவிட்டேன்.

பழையதைக் கழற்ற, முதல் நாள் இரவே காடியின் இரு ஓரத்திலும் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசின் மாதிரி ஒட்டும். துவக்கைத் தோளில் வைப்பவர் மாதிரிப் பின்னால் நின்று பார்த்தால், சைட்டை இடமிருந்து வலமாகத் தட்டிக் கழற்றுவதும், வலமிருந்து இடமாக ஏற்றுவதும் வழமை. யாரோ ஒரு புத்திசாலி இதை இடப்பக்கமிருந்து அடித்து ஏற்றியிருந்தார். குழலில் அவர் சுத்தியலின் முத்திரை இன்னமும் இருக்கிறது. தட்டுவதற்குப் பித்தளைக் கோல்தான் வேண்டும். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடையில் ஒரு சாண் துண்டு வெட்டித் தருவார்கள். குழலை வைஸில் வெறும் தாடையில் பிடிக்காமல் இரண்டு பக்கமும் மரத்துண்டும் தோலும் வையுங்கள்.

அடுத்தது பொருத்தல். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் இந்த இடத்தில்தான். நான் முதன்முதலாகச் செய்த துவக்கில் சைட் இறுக்கமாக இருந்தது. காடியில் இரண்டு இழுப்பு அரம் போட்டேன். சைட் தொளதொளவென்று ஆகிவிட்டது. நூறு வருஷமாகக் கெடாதிருந்த குழலை இரண்டு இழுப்பில் கெடுத்தேன். அரம் பட வேண்டியதெல்லாம் காடிக்குள் போகும் புதுச் சைட்டின் அடிக்காலில்தான். அது பிழைத்தால் இன்னொன்று வாங்கலாம்.

முக்கோண அரம் ஒன்று எடுங்கள். அதன் மூலை 60 பாகை, காடியின் சரிவோடு ஒத்துப்போகும். செட்டியார் தெருவில் பொற்கொல்லர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் சின்ன அரம் நல்லதாகக் கிடைக்கும். ஒரு முகத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சரிவை ராவும்போது பக்கத்து முகமும் சேர்ந்து கடிக்கும். காடிக்குள் மெல்லியதாகக் கண்மை பூசுங்கள். ஓம், முகத்துக்குப் போடும் கண்மைதான். என் மகளின் டப்பா ஒன்று இதிலேயே தீர்ந்தது. சைட்டைக் கையால் தள்ளி வெளியே எடுத்தால், கால் எங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் ஒரு இழுப்பு, திரும்பவும் தள்ளிப் பாருங்கள். தம்பியின் சைட்டுக்கு இப்படிப் பதினேழு தரம் போய் வந்தேன். அவர் இரண்டு பிளேன்டீ முடித்துவிட்டார்.

கையால் தள்ளும்போது மூன்றில் ஒரு பங்கு தூரம் போய் நின்றால் போதும், அதோடு அரத்தைக் கீழே வையுங்கள். மீதியைப் பித்தளைக் கோலும் சின்னச் சுத்தியலும் பார்த்துக்கொள்ளும். கைவிரலாலேயே நடுவுக்கு வந்துவிட்டால் அளவு தாண்டிவிட்டது. மெல்லிய பித்தளைத் தகட்டை அடியில் வைத்து இறுக்கலாம். போத்தல் மூடி வேண்டாம், அந்தத் தகரம் ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். ஏற்றுவதற்கு முன் காடியில் ஒரு சொட்டு எண்ணெய்.

அப்புறம் சுட்டுப் பார்ப்பது. பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ ரவையும் அந்தப் பக்கம் போகும், உயர்த்தினால் உயரும். முன் சைட்டுக்கு இது நேர் எதிர். எவ்வளவு நகர்த்துவது என்பதற்கு ஒரே கணக்குத்தான்: இலக்கில் எத்தனை பிழை, அதை இரண்டு சைட்டுக்கும் இடைத்தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும்.

தம்பிக்கு ஐந்து ரவைதான் கிடைத்திருந்தது. அனுமதியுள்ள திடலில், 50 மீட்டரில், மூன்று சுட்டார். மூன்றும் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டுக்குள், ஆனால் 6 சென்டிமீட்டர் கீழே. இடைத்தூரம் 510 மில்லிமீட்டர். 60ஐ 510ஆல் பெருக்கி 50,000ஆல் வகுத்தால் 0.6 மில்லிமீட்டர். தகட்டை ஒரு படி தள்ளி வேனியர் வைத்துப் பார்த்தேன், வெட்டு சரியாக அவ்வளவு ஏறியிருந்தது. நாலாவது, கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது.

ஐந்தாவதையும் சுடுங்கோ, நிச்சயப்படுத்துவோம் என்றேன். தம்பி அதைக் கையில் வைத்து ஒரு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் திரும்ப வைத்து மூடினார்.