ஐப்பசி அடைமழைக்கு ஒரு டம்ளர் சுக்கு மல்லி காபி: பொடி இடிப்பதிலிருந்து

இலையுதிர்காலம் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. எங்கள் வாசல் வேப்பமரம் இலையைக் கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் அது குளித்துவிட்டு வந்ததுபோல் கரும்பச்சையாக நிற்கும். பழைய பருவக் கணக்கில் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயர் இருப்பது பின்னால்தான் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கம் இன்றும் குளிர்காற்று வீசினால் கூதல் அடிக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. துணி காயாது, கரண்ட் இருக்காது, தீப்பெட்டி உரசினால் பிடிக்காது. இத்தனையையும் மீறி வீட்டுக்குள் அடைந்து கிடப்பதை எனக்குப் பிடித்த வேலையாக்குவது சாயங்காலச் சுக்கு மல்லி காபிதான். பெயரில்தான் காபி. காபித்தூள் ஒரு சிட்டிகைகூட கிடையாது.

இதுவரை பாக்கெட் பொடி மட்டும் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காபி போடுவது மழை நாளில். பொடி இடிப்பது வெயில் நாளில். மழை தொடங்கிய பிறகு சுக்கைத் தேடி ஓடினால் அது ஈரத்தில் நமுத்து, இடிபடாமல் நார் நாராகக் கிடக்கும். புரட்டாசிக் கடைசியில் பளீரென்று வெயில் அடிக்கும் நான்கு நாட்களில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால், நடுவில் இரண்டு நாள் மழை வெறிக்கும்போது பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் சாமான்

சுக்கு 50 கிராம், மல்லி விதை 100 கிராம், மிளகு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் 8. இவ்வளவுதான் பொடிக்கு. சிலர் சீரகம் சேர்ப்பார்கள், சிலர் திப்பிலி. சீரகம் போட்டால் எனக்கு ரசம் குடிப்பதுபோல் இருக்கிறது, அதனால் போடுவதில்லை. அளவு விஷயத்தில் என் ஆச்சி கறார். "மிளகைக் கூட்டினா அது ரசப்பொடி, சுக்கைக் கூட்டினா கசாயம்லா!" என்பாள். மல்லி எப்போதும் சுக்கைப்போல் இரண்டு பங்கு. அதுதான் காரத்தை மட்டுப்படுத்தி வாசனையைக் கொடுக்கிறது.

சுக்கு வாங்கும்போது கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள். பட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் காயவில்லை. சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தால் வண்டு குடியேறிவிட்டது என்று பொருள், வேண்டாம். சில கடைகளில் சுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கும். வெளுப்பாகத் தெரியவும் பூச்சி அண்டாமல் இருக்கவும் சுண்ணாம்பு நீரில் போட்டு எடுத்தது அது. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த வேலையில் சோம்பல் படக்கூடாது.

தோல் சீவுதல்

‘சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று ஒரு சொலவடை உண்டு. கடுக்காயில் கொட்டையை எடுத்துவிட வேண்டும், சுக்கில் மேல்தோலை எடுத்துவிட வேண்டும். சின்னக் கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் தோல் தூளாக உதிரும். விரல் இடுக்கில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொள்ளும், கண்ணைக் கசக்கிவிடாதீர்கள். கிளை கிளையாகப் பிரியும் இடுக்குகளில் கத்தி போகாது, அந்த இடத்தில் சுக்கை ஒடித்துவிட்டுச் சுரண்டுங்கள். 50 கிராம் சீவக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. நான் ரேடியோவைப் போட்டுவிட்டு உட்காருவேன்.

சீவிய சுக்கை மல்லியோடு ஒரு தட்டில் பரப்பி, மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் காய வையுங்கள். அப்புறம் வறுப்பதற்கு அதிக வேலை இருக்காது.

வறுத்தல்

அடி கனமான வாணலியில், எண்ணெய் இல்லாமல், சிறு தீயில். முதலில் மல்லியை மட்டும் போடுங்கள். கையை எடுக்காமல் கிளற வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் லேசாகப் படபடவென்று சத்தம் கேட்கும், வாசனை கூடம் வரை போகும். நிறம் மாறக் காத்திருக்காதீர்கள். மல்லி சிவந்துவிட்டால் காபி முழுக்கக் கசப்புதான், எத்தனை கருப்பட்டி போட்டாலும் அது போகாது. மல்லியைத் தட்டில் கொட்டிவிட்டு, அதே சூட்டில் மிளகைப் போட்டு, இரண்டு மூன்று மிளகு வெடித்ததும் எடுத்துவிடுங்கள். ஏலக்காயைத் தோலோடு சூடு காட்டினால் போதும். சுக்கை வறுக்கத் தேவையில்லை.

இடித்தல்

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் தவறுவார்கள். நானும் தவறினேன். முழுச் சுக்கை அப்படியே மிக்ஸி ஜாரில் போட்டுச் சுற்றிவிட்டேன். கடகடவென்று ஜல்லி கொட்டியது மாதிரி ஒரு சத்தம், பிறகு கருகல் வாசனை. பிளேடு ஒரு பக்கம் வளைந்திருந்தது. சுக்கு மூன்று துண்டாகிப் பத்திரமாக இருந்தது.

அதனால் முதலில் நசுக்க வேண்டும். இடிகல்லில் போட்டுத் தட்டினால் சில்லு தெறித்து அடுப்புக்கு அடியில் போய்விடும். ஒரு பழைய வேட்டித் துண்டில் சுக்கை முடிந்து, துணியோடு சேர்த்துக் குழவியால் ஓங்கித் தட்டுங்கள். பட்டாணி அளவுக்கு உடைந்தால் போதும். அதை மட்டும் மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்து, பிறகு மல்லி, மிளகு, ஏலக்காயைச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். மாவுபோல் நைஸாக்க வேண்டாம். நைஸான பொடி வடிகட்டியில் நிற்காமல் டம்ளரின் அடியில் சேறாகத் தங்கும்.

அரைத்ததும் மூடி வைக்காதீர்கள். மிக்ஸி சூடு ஆறும் வரை தாளில் பரப்பி வைத்துவிட்டு, கண்ணாடிப் பாட்டிலில் போடுங்கள். ஈரக் கரண்டி மட்டும் பாட்டிலுக்குள் போகக் கூடாது. 150 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பொடி வரும். டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி என்று போட்டால் இரண்டு பேருக்கு ஒரு மாத மழை தாங்கும்.

கருப்பட்டி

வெல்லம் போடலாமா, சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் அது வேறு பானம். கருப்பட்டியில் இருக்கும் அந்தப் புகை வாசனைதான் சுக்கோடு சேரும். பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பது கருப்பட்டி. பனை பதநீர் தருவது பங்குனியிலிருந்து ஆடி வரை. ஆக, ஐப்பசியில் உங்கள் கையில் இருப்பது கோடையில் காய்ச்சியது. இந்த மாதத்தில் அது ஈரக் காற்றை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். தாளில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். சர்க்கரை கலந்த கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மினுமினுப்பு தெரியும் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் பார்த்து வாங்குகிறேன்.

மண், தும்பு, சில சமயம் எறும்பு என்று எதுவும் இருக்கும். அதனால் கருப்பட்டியை நேராகக் காபியில் போடாமல், கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக்கொள்வது நல்லது. இரண்டு டம்ளர் காபிக்கு 40 கிராம், எலுமிச்சைப் பழ அளவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டிதானே என்று தாராளமாக இருக்க வேண்டாம், அதுவும் சர்க்கரைதான். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்காமல் இருப்பது உத்தமம்.

இனி மழை நாள்

இரண்டரை டம்ளர் தண்ணீரை அடுப்பில் வையுங்கள். கொதி வந்ததும் இரண்டு தேக்கரண்டி பொடி. தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். பொடி முதலில் மேலே மிதந்து நுரைக்கும், பிறகு அடங்கி அடியில் இறங்கும். அப்போது வடிகட்டிய கருப்பட்டித் தண்ணீரை ஊற்றி இன்னும் ஒரு கொதி. வீட்டில் துளசி இருந்தால் ஆறேழு இலையைக் கிள்ளிப் போட்டு அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து வடிகட்டி, ஒரு தடவை ஆற்றிக் குடிக்கலாம்.

பால் வேண்டும் என்பவர்கள் பாலைத் தனியாகக் காய்ச்சி, டம்ளரில் கடைசியாக ஊற்றிக்கொள்ளுங்கள். பாலையும் கருப்பட்டியையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் திரிந்துவிடும்.

பக்கத்தில் ஒரு தட்டு கடலை

ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி நிலக்கடலையைப் பிடுங்குவதும் ஏறக்குறைய இந்தச் சமயத்தில்தான். ஓடோடு பச்சைக் கடலை தள்ளுவண்டியில் வந்தால் அரைக் கிலோ வாங்கிவிடுங்கள். செம்மண் ஒட்டியிருக்கும், நான்கு தண்ணீரிலாவது அலச வேண்டும். குக்கரில் மூழ்கத் தண்ணீர், ஒரு கை கல் உப்பு, நான்கு விசில். திறந்ததும் வடித்துவிடாதீர்கள். அரை மணி நேரம் அந்த உப்புத் தண்ணீரிலேயே கிடக்கட்டும், அப்போதுதான் உப்பு ஓட்டைத் தாண்டி உள்ளே போகும். தோலை அழுத்தும்போது விரலில் பீய்ச்சும் அந்த ஒரு சொட்டு உப்புத் தண்ணீருக்காகவே நான் ஓட்டோடு வேகவைப்பதை விடுவதில்லை.

குடித்து முடித்ததும் வடிகட்டியில் மிஞ்சிய சக்கையை அன்றைக்கே கறிவேப்பிலைச் செடிக்கடியில் கொட்டிவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்தீர்களானால், கருப்பட்டி ஊறிய சக்கை அது. மழைக்கு ஒதுங்கிய எறும்பு எல்லாம் ஏற்கெனவே உங்கள் சமையலறைக்குள்தான் இருக்கிறது.