சுங்கை லெம்பிங் போகிறீர்களா? அலாரத்தை விடியற்காலை நான்கரைக்கு வையுங்கள்

கோலாலம்பூர்க்காரர்களிடம் பழைய ஈயச் சுரங்க ஊர் என்று சொன்னால் ஈப்போ, கம்பார், கோப்பேங் என்று வடக்கே கை காட்டுவார்கள். தப்பில்லை, நல்ல ஊர்கள்தான். ஆனால் அங்கெல்லாம் ஈயம் பெரும்பாலும் ஆற்று மணலில் கிடந்தது. தண்ணீரைப் பீய்ச்சியும் மிதவைக் கப்பலால் தோண்டியும் அலசி எடுத்தார்கள். மலைப் பாறையைக் குடைந்து உள்ளே போய் ஈயம் எடுத்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் காரைக் கிழக்கே திருப்ப வேண்டும். பகாங் மாநிலத்தில், குவாந்தானிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது சுங்கை லெம்பிங். மலாயில் லெம்பிங் என்றால் ஈட்டி.

நான் முதல்முறை போன கதையைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக எழுந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை சாப்பிட்டு, வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. பாசாரில், அதாவது சந்தையில், நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்த சீன ஆன்டி எங்களைப் பார்த்ததும், நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, "ஹாபிஸ்" என்றார். தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மீ (நூடுல்ஸ்) ஹாபிஸ். தாவ்ஃபூ (சோயாக் கட்டி) ஹாபிஸ். பாதிக் கடைகளில் கதவு சாத்தியிருந்தது. "இதுக்குத்தான் இவ்ளோ தூரமா?" என்று வீட்டம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் இரண்டு முறை போய்த்தான் புரிந்தது: இந்த ஊர் விடியற்காலையில் விழித்து, மதியம் படுத்துவிடும் ஊர். உங்கள் திட்டத்தையும் அதற்கேற்ற மாதிரி போட வேண்டும்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும், அதில் பேரம் இல்லை. சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை கடுமையாக இருக்கும். அந்த மாதங்களில் போகாதீர்கள். மலையில் மேகம் மட்டும்தான் தெரியும், வெள்ளம் வந்தால் சாலையும் சிக்கல்.

படி 2: போய்ச் சேருவது

சொந்தக் கார் இருந்தால் சுலபம். கோம்பாக்கில் காராக் நெடுஞ்சாலையைப் பிடித்து, அப்படியே கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் ஏறி, குவாந்தான் வரை நேர் ஓட்டம். அங்கிருந்து பஞ்சிங் வழியாக லெம்பிங். நின்று நின்று போனாலும் மூன்றரை, நான்கு மணி நேரம். பேருந்து என்றால் கோலாலம்பூர் டிபிஎஸ் பேருந்து நிலையத்திலிருந்து குவாந்தான் வரை தாராளமாகக் கிடைக்கும். அதற்குமேல்தான் திண்டாட்டம். கிராப் டாக்சி பிடித்துப் போய்விடலாம், திரும்பி வர வண்டி கிடைக்குமா என்பதுதான் பிரச்சினை. நான்கு பேர் சேர்ந்து குவாந்தானில் வாடகைக் கார் எடுப்பது நல்லது. கையில் ரொக்கம் வேண்டும், அதையும் குவாந்தானிலேயே எடுத்துவிடுங்கள்.

பஞ்சிங்கில் சாராஸ் குகை இருக்கிறது. செங்குத்தான படிகள் ஏறிப் போனால் சுண்ணாம்புப் பாறைக்குள் 9 மீட்டர் நீளத்தில் படுத்திருக்கும் புத்தர் சிலை. பத்துமலை ஏறிப் பழகியவர்களுக்குப் படி பெரிய விஷயம் இல்லை, ஆனால் முட்டி வலிக்காரர்கள் கீழேயே இருந்துவிடலாம். போகும்போதே பார்த்துவிடுங்கள், திரும்பும்போது உடம்பில் தெம்பு இருக்காது.

படி 3: முதல் நாள் பிற்பகல், சுரங்கமும் அருங்காட்சியகமும்

பகாங் கன்சாலிடேட்டட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1906இல் இங்கே வேலையைத் தொடங்கி, 1986 வரை நடத்தியது. அந்த எண்பது வருடத்தில் குடைந்த சுரங்கப் பாதைகளின் மொத்த நீளம் 322 கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் தூரத்தை மண்ணுக்கடியில் சுருட்டி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் ஏறக்குறைய 700 மீட்டர். நம் இரட்டைக் கோபுரமே 452 மீட்டர்தான். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. பாறையைக் குடைந்து எடுப்பதற்குச் செலவு அதிகம், அடுத்த வருடமே மூடிவிட்டார்கள். மூடாமல் இருந்திருந்தால் இந்த ஊர் நமக்கு இப்படி மிச்சப்பட்டிருக்காது என்றும் தோன்றும்.

கம்பெனி மேலாளர் குடியிருந்த பங்களாதான் இப்போது அருங்காட்சியகம். மேட்டில், நல்ல காற்றோட்டமாக, கீழே ஊரைப் பார்த்தபடி இருக்கிறது. முதலில் இங்கே போங்கள். கருவிகளையும் பழைய படங்களையும் பார்த்துவிட்டுச் சுரங்கத்துக்குப் போனால்தான் உள்ளே எதைப் பார்க்கிறோம் என்பது விளங்கும். வெள்ளிக்கிழமை என்றால் தொழுகை நேரத்தில் மூடியிருக்கும்.

சுற்றுப்பயணிகளுக்காகத் திறந்துவிட்டிருக்கும் சுரங்கத்துக்குள் சின்ன ரயிலில் கூட்டிப் போவார்கள். வெளியே வியர்த்து வழியும், வாசலைத் தாண்டியதும் ஜிலீரென்று இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். ஈரமாக, சொரசொரவென்று, வெட்டிய தடம் அப்படியே விரலில் தட்டுகிறது. இருட்டில் எட்டு மணி நேரம் இதைக் குடைந்தவர்களை நினைத்தால் அப்புறம் ரயிலில் செல்ஃபி எடுக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. எடுத்தேன், அது வேறு விஷயம்.

சாயங்காலம் தொங்குபாலத்தில் ஒரு நடை. மோட்டார்சைக்கிள் வந்தால் பாலம் முழுக்க ஆடும், ஓரமாக ஒதுங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டால் போதும். ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரமே முடித்துவிடுங்கள்.

படி 4: தங்குவது

பெரிய ஹோட்டல் எதிர்பார்க்காதீர்கள். சின்னத் தங்கும் விடுதிகளும் வீட்டுத் தங்கலும்தான். பாசாருக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். பள்ளி விடுமுறை, சீனப் பெருநாள் சமயம் என்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

படி 5: விடியற்காலை மலை

நான்கரைக்கு அலாரம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். ஐந்தரைக்கெல்லாம் புக்கிட் பனோரமா அடிவாரத்தில் நிற்க வேண்டும். முழுக்கப் படிகள்தான், நிதானமாக ஏறினால் முக்கால் மணி நேரத்தில் உச்சி. டார்ச் விளக்கு, தண்ணீர், வழுக்காத காலணி. சிலிப்பர் போட்டுக்கொண்டு வந்த ஒரு தம்பி இறங்கும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். ஏழு மணி வாக்கில் சூரியன் எழும்போது கீழே ஊரே தெரியாது, வெள்ளை மேகம் பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடக்கும், மலை முகடுகள் மட்டும் தீவு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மழை பெய்து விட்ட மறுநாள் என்றால் இன்னும் விசேஷம்.

வானவில் அருவி என்று இன்னொன்று உண்டு. நான்கு சக்கர வண்டியில் காட்டுக்குள் போய், அப்புறம் நடக்க வேண்டும். காலை வெயில் சாய்வாக விழும்போது அருவியில் வானவில் தெரியும். மலை, அருவி இரண்டையும் ஒரே காலையில் செய்ய முடியாது. முதல்முறை என்றால் மலையே போதும். அருவிக்கு ஆசையென்றால் திறந்திருக்கிறதா என்று விடுதியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

படி 6: பாசாரில் பசியாறுவது

மலையிலிருந்து இறங்கியதும் குளிக்கக்கூடப் போகாமல் நேராகப் பாசார். மலைத் தண்ணீரில் பிசைந்து செய்வதால்தான் எங்கள் மீ இப்படி என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். தண்ணீரோ கைப்பக்குவமோ, நூல் மெலிதாக இருந்தும் சூப்பில் ஊறிக் கொழகொழவென்று ஆகவில்லை, கடைசி வாய் வரை பல்லில் படுகிறது. கூடவே தாவ்ஃபூ, வாயில் வைத்ததும் கரைகிற ரகம். காரம் போதாவிட்டால் அரிந்த மிளகாயும் சோயாவும் கேளுங்கள்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சீனக் கடையில் பன்றி இறைச்சி சர்வசாதாரணம், சூப்பிலும் இருக்கலாம். வேண்டாதவர்கள் உட்காருமுன்பே கேட்டுவிடுங்கள். மலாய்க்காரர் கடையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) கிடைக்கும், அந்தச் சம்பலில் நெத்திலி இருக்கும். சுத்த சைவம் என்றால் குவாந்தானிலேயே ரொட்டி, பழம் வாங்கி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. என் மாமியார் டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்தார், மலை உச்சியில் அதற்குத்தான் கிராக்கி.

படி 7: கடைத்தெரு

பழைய கடைவீடுகள் வரிசையாக இருக்கின்றன, ஒரு மணி நேரம் போதும். தேங்காய் பிஸ்கட்டும் காய்ந்த மீயும் வாங்கலாம். சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கேட்டால் ஒரு துண்டு கொடுப்பார்கள். பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள், ஏனென்று மேலே சொல்லிவிட்டேன்.

படி 8: திரும்பும் வழி

இரண்டு இடங்கள். மாரான் வெளிவழியில் இறங்கிக் கொஞ்சம் சுற்றிப் போனால் மரத்தாண்டவர் ஆலயம். சாலை போடுகையில் ஒரு மரத்தை வெட்டப் போக, அதிலிருந்து இரத்தம் வடிந்ததாம், அந்த மரத்தில்தான் முருகன் இருக்கிறார் என்பார்கள். பங்குனி உத்திரம் சமயத்தில் மட்டும் அந்தப் பக்கம் நெரிசல் தாங்காது. அடுத்தது தெமர்லோ, பாத்தின் மீனுக்குப் பேர்போன ஊர். புளிக்க வைத்த டுரியானில் சமைத்த பாத்தின் தெம்போயாக்கைச் சுடுசோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். டுரியான் வாசம் பிடிக்காதவர்களை அடுத்த மேசையில் உட்கார வைத்துவிடுங்கள்.

தெமர்லோவை மூன்று மணிக்குள் விட்டுவிட்டால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கெந்திங்கிலிருந்து இறங்கும் கார்களும் சேர்ந்துகொண்டால் கோம்பாக் டோலில் மாட்டிக்கொள்வீர்கள்.