இணைவு ஆய்வுக்கூட வேலை: பேட்ஜை மட்டும் நம்பாதீர்கள்

கூடங்குளத்தில் ஒப்பந்த வேலை பார்த்த வள்ளியூர்த் தம்பி ஒருவர், அணு இணைவை ஆராயும் குஜராத்தின் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்துக்குப் போக நினைக்கிறார். "அண்ணாச்சி, அங்கே அணுவைப் பிளக்கிறது இல்லை, இணைக்கிறதுதானே? கதிர்வீச்சு பயம் இல்லல்லா?" என்று கேட்டார்.

முதல் தவறே இதுதான். ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும், கதிரியக்கம் உள்ள டிரிட்டியமும் இணைந்தால் 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு நியூட்ரான் பாயும். வெறும் ஹைட்ரஜனில் ஓடும் டோகமாக்கிலும் (கொதிக்கும் வாயுவைக் காந்தத்தால் பிடித்து வைக்கும் வளைய எந்திரம்) கட்டுமீறிய எலக்ட்ரான்கள் சுவரில் மோதி எக்ஸ்ரேயைக் கிளப்பும். நியூட்ரானுக்கு ஈயத் தகடு மட்டும் போதாது. கோலிக்குண்டு பாறையில் பட்டால் அதே வேகத்தில் திரும்பும். இன்னொரு கோலியில் பட்டால்தான் வேகம் இழக்கும். அதனால்தான், நியூட்ரானுக்கு எடையில் ஒத்த ஹைட்ரஜன் நிறைந்த பாலிஎத்திலீன், தண்ணீர், கான்கிரீட் எல்லாம் வைக்கிறார்கள்.

எனக்கு அதிகக் கவலை டிரிட்டியத்தைப் பற்றித்தான். அதன் பீட்டா கதிர் காற்றில் அரை சென்டிமீட்டர் போனாலே அதிகம், தோலைத் துளைக்காது. வாங்கிய கதிரை அளக்கச் சட்டையில் குத்தும் டிஎல்டி பேட்ஜில் அது பதிவே ஆகாது. ஆனால் டிரிட்டியம் கலந்த நீராவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போகும். அதற்கும் தாமிரபரணித் தண்ணீருக்கும் உடலுக்கு வித்தியாசம் தெரியாது. பாதி வெளியேறவே ஏறத்தாழ 10 நாள் ஆகும். முகத்தில் துண்டு கட்டினால் தூசி நிற்கும், ஆவி நிற்காது. காற்றுக் குழாய் இணைத்த முழு உடை வேண்டும். சிறுநீர் மாதிரி கேட்டால் கூச்சப்பட்டுத் தட்டிக்கழிக்காதீர்கள். உள்ளே போனதைக் கண்டுபிடிக்க முக்கியமான வழி அதுதான்.

எந்திரத்தை நிறுத்தியாச்சு, இனி உள்ளே போகலாம் என்பது அடுத்த தவறு. நியூட்ரான் பட்ட எஃகில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் உண்டாகும். அது பாதியாகக் குறையவே 5 வருடத்துக்கு மேல் ஆகும். இங்கிலாந்தில் இருந்த ஜெட் (JET) என்ற டோகமாக்கில் 1997-இல் டிரிட்டியம் சோதனை நடத்திவிட்டு, 1998-இல் உள்பாகங்களை ரோபோ கைகளால்தான் மாற்றினார்கள்.

சரி, பேட்ஜ் வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும், நெஞ்சில் இருக்க வேண்டும். வெக்கை தாங்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை பார்த்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பேட்ஜ் அந்தச் சட்டையிலேயே இருந்தது. அறிக்கையில் வந்தது சட்டை வாங்கிய அளவு.

அப்புறம், கதிர்வீச்சு வேலை செய்பவர் உடல் வாங்கும் அளவுக்கு நம் நாட்டு வரம்பு 5 வருடச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிரளவின் அலகு), எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. 5 வருடக் கணக்கு என்பதால், ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது சம்பளப் பாக்கியோடு உங்கள் கதிரளவுப் பதிவையும் கேட்டு வாங்கி, அடுத்த இடத்தில் முதல் நாளே கொடுங்கள்.