கறிவேப்பிலைத் தொட்டியில் பட்டாம்பூச்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு பால்கனியில் புழுவிலிருந்து வளர்க்கத் தோதான பட்டாம்பூச்சிகள் இரண்டு. கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் தின்னும் எலுமிச்சை அழகி. எருக்கு தின்னும் வெந்தய வரியன். அமெரிக்கக் காணொளிகளில் வரும் மொனார்க் நம்மூரில் பறப்பதில்லை, வெந்தய வரியன் அதற்குப் பங்காளி முறை. புழு வளர்க்கும் டப்பாவில் காற்று போக வேண்டும், எச்சத்தைத் தினமும் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

கடை இலை

தோலுரித்து வளரும் புழுவுக்கு ஐந்து பருவம். மொத்தத் தீனியில் பெரும்பங்கு கடைசிப் பருவத்தில்தான் உள்ளே போகும். பறவை எச்சம்போல் இருந்த குட்டிப் புழு பச்சை நிறத்துக்கு மாறியதும் செடி மளமளவென்று மொட்டையாகும். இரண்டடித் தொட்டிச் செடிக்கு இரண்டு, மூன்று புழு போதும். எட்டுப் பத்தை விட்டவர், காம்பு மட்டும் மிஞ்சியதும் காய்கறிக் கடையில் கொசுறாக வந்த கறிவேப்பிலையை அலசிப் போடுவார். மாலைக்குள் புழுக்கள் பச்சையாகக் கக்கி, முறுக்கிக்கொண்டு, துவண்டு தொங்கும். நோயென்றால் பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கறுத்துக் கூழாகும். ஒரே நாளில் கூண்டோடு போனால் முதலில் இலையைச் சந்தேகியுங்கள்.

உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர் எதுவும் உதவாது. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் செடியின் சாற்றிலேயே ஏறிவிடும்; கழுவினால் மேலே படிந்தது மட்டும் போகும். நர்சரியில் அன்று வாங்கிய செடிக்கும் இதே கதைதான். ஓட்டையில்லாத பளபளப்பான இலையைத் தேடித்தான் எல்லோரும் செடி வாங்குகிறார்கள். புழு வளர்ப்பவர் தேட வேண்டியது கடிபட்ட இலையை. வாங்கிய செடியைச் சில மாதம் மருந்தில்லாமல் வளர்த்து, புதுத் தளிர் வந்தபின் ஒரே ஒரு புழுவை விட்டு இரண்டு நாள் பாருங்கள்.

“வேப்பெண்ணெய்தான் அடித்தேன், இயற்கைதானே?” என்பார்கள். கேட்டாலே எரிச்சல் வரும். அதிலுள்ள அசாடிராக்டின் தோலுரிப்பைக் கெடுக்கும். தின்றுகொண்டிருந்த புழு பழைய தோலைக் கழற்ற முடியாமல் சாகும். பி.டி. என்ற பாக்டீரியா மருந்தோ புழுவைக் கொல்வதற்கென்றே விற்பது. அதுவும் ‘இயற்கை’ என்ற பெயரில்தான் கிடைக்கிறது.

ஆகவே புழுவை எண்ணும் முன் இலையை எண்ணுங்கள். தாய்ப்பூச்சி தளிரில் தனித்தனியாக முட்டையிடும். செடி தாங்காது என்று தோன்றினால் அதிக முட்டைகளை இலையோடு கிள்ளி, மருந்தடிக்காத வேறொரு கறிவேப்பிலைச் செடியில் செருகிவிடலாம். பாதியில் எலுமிச்சை இலைக்கு மாற்றினால், கறிவேப்பிலையில் வளர்ந்த புழு பல நேரம் வாய் வைக்கத் தயங்கும்.

கொசுவத்தி

புழு இருக்கும் அறையில் வேண்டாம். கொசு விரட்டும் லிக்விடும் வேண்டாம். தெருவில் கொசுப்புகை அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்துங்கள்.

அசையாத புழு

தோலுரிக்கப் போகிறது, ஒரு நாள் வரை அப்படியே இருக்கும். பிடுங்கினால் பட்டுநூல் பிடி போய்விடும், உரிக்கும்போது பிடிமானம் இருக்காது. இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் இலையோடு மாற்றுங்கள்.

தண்ணீர்

வெட்டிய கிளையைப் பாட்டிலில் வைத்தால் வாயைப் பஞ்சால் அடையுங்கள். புழு காம்பு வழியே இறங்கி மூழ்கும்.

எருக்கம்பால்

கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். கையுறை போட்டு ஒடியுங்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

கூட்டுப்புழுவைத் தூக்கி எறிவது

எலுமிச்சை அழகியின் கூடு சுற்றுப்புறத்துக்கேற்பப் பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். பழுப்பு என்றால் செத்தது என்று அர்த்தமில்லை. டிசம்பர், ஜனவரிக் குளிரில் வெளிவரக் கூடுதல் நாளாகும். வெந்தய வரியன் கூடு கடைசி நாளில் கறுத்து, உள்ளே இறக்கை நிறம் தெரியும். அதைக் கெட்டுப்போனதாக நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு.

கூடு விழுந்துவிட்டால் ஒட்ட வைக்கும் முறை இரண்டுக்கும் வேறு. வெந்தய வரியன் தலைகீழாகத் தொங்கும். வால்முனையில் இருக்கும் பட்டுத் திரளில் நூல் கட்டித் தொங்க விடுங்கள். எலுமிச்சை அழகி இடுப்பில் நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும். காகிதக் கூம்பு செய்து, தலை மேலே வரும்படி வைத்துச் சுவரில் ஒட்டுங்கள். கூம்பின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கட்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் கால் வழுக்கி விழுந்தால் இறக்கை மடங்கியபடியே காய்ந்துவிடும். அப்புறம் அது பறக்காது. வெளிவந்த பூச்சி தொங்கக் கீழே ஒரு சாண் இடம் வேண்டும்.

பறக்க விடுவது

இறக்கை காயச் சில மணி நேரம் ஆகும், அதுவரை தொடாதீர்கள். மாலையிலோ மழையிலோ வெளிவந்தால் அன்றிரவு வலைக்கூண்டிலேயே இருக்கட்டும், தீனி தேவையில்லை. மறுநாள் வெயில் ஏறியதும் திறந்து விடுங்கள்.