மலை ஏத்தத்துல டர்போ பிக்கப் கொதிக்காம இருக்க கூலிங்ல என்னென்ன மாத்தணும்

மேட்டுப்பாளையத்துல உரமோ சிமெண்டோ ஏத்திட்டு ஊட்டி மலை ரோட்டுல கல்லாறு தாண்டுனதும் டெம்பரேச்சர் முள் மேல ஏறுது, பெரிய ரேடியேட்டர் போட்டா சரியாகுமானு நிறைய பேரு கேக்கறாங்க. ஆகலாம், ஆகாமலும் போகலாம். என்னைக் கேட்டா நம்ம மலை ரோட்டுல வண்டி கொதிக்கறதுக்குப் பெரும்பாலும் காரணம் ரேடியேட்டர் சின்னதா இருக்கறது இல்லீங்க, அதுக்குள்ள காத்து போகாம இருக்கறதுதான். அதனால காசை எங்க முதல்ல போடணுமோ அந்த வரிசைலயே சொல்றேன்.

மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், குன்னூர் 1850 பக்கம், நடுவுல ரோடு சுமார் 35 கிலோமீட்டர்தான். லோடோட ரெண்டாவது கியர்ல 20, 25 ஸ்பீடுல ஏறும்போது இன்ஜின் முழு மூச்சா வேலை செய்யுது, ஆனா பைபாஸ்ல 80ல போறப்ப கிரில்ல மோதற காத்து இங்க கிடையாது, இருக்கறதெல்லாம் ஃபேன் இழுக்கற காத்துதான். அதுலயும் ஏப்ரல் மே மாசத்துல கல்லாறுல இருந்து பர்லியார் வரைக்கும் வெளிக்காத்தே அனலா இருக்கும். மேல போனா குளிருதேன்னு நினைப்போம், ஆனா ஊட்டி உயரத்துல காத்தோட அடர்த்தி கடல்மட்டத்துல இருக்கறதுல சுமார் 80 சதவீதம்தான், அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்பற பாகம்) இன்னும் வேகமா சுத்தணும், அப்ப வெளிய வர்ற காத்தும் அதிகமா சூடாகும், அந்தச் சூட்டை இன்டர்கூலர் (டர்போ காத்தை ஆத்தற ஜாலி) வாங்கி பின்னாடி இருக்கற ரேடியேட்டர் மேலயே விடும்.

எதையும் மாத்தறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. மீட்டர்ல இருக்கற முள்ளை நம்பாதீங்க, நிறைய வண்டில அது நடுவுல வந்து ஒட்டிக்கும், தண்ணி பத்து பதினஞ்சு டிகிரி ஏறுனாலும் அசையாது, அது அசையும்போது லேட் ஆகியிருக்கும். ஓபிடி ப்ளூடூத் ரீடர் (வண்டி கம்ப்யூட்டர்ல இருக்கற ரீடிங்கைப் போனுக்கு அனுப்பற கருவி) ஒண்ணு வாங்கி போன்ல கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கற தண்ணி) டெம்பரேச்சரும், சென்சார் இருந்தா இன்டேக் காத்தோட டெம்பரேச்சரும் பாருங்க, வண்டி ஓட்டறவர் பாக்காம பக்கத்துல உக்காந்திருக்கறவர் பாக்கட்டும். 85ல இருந்து 95க்குள்ள நின்னா நல்லது, ஏத்தத்துல 100 தொட்டுட்டு இறங்குனா பயப்பட வேண்டாம், 105ஐத் தாண்டி ஏறிட்டே போச்சுன்னாதான் வேலை இருக்கு.

அப்புறம் ரிப்பேரையும் அப்கிரேடையும் குழப்பிக்காதீங்க. வெளிய ஒழுகாம தண்ணி குறையுதா, காலைல ஸ்டார்ட் பண்றப்ப கூலன்ட் டேங்க்ல குமிழ் குமிழா வருதா, வெள்ளைப் புகை போகுதா, அப்ப ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற அடைப்பு) இல்லன்னா இஜிஆர் கூலரை (இன்ஜினுக்கே திரும்பற புகையைத் தண்ணில ஆத்தற பாகம்) பாக்கணும். "தண்ணி குடிக்குதுங்கண்ணா"ன்னு மெக்கானிக் சொன்னாருன்னா புது ரேடியேட்டர் ஆர்டர் போடறதை நிறுத்திட்டு முதல்ல அதைக் கேளுங்க. வாட்டர் பாடில (தண்ணி பம்ப்) கசிவு, லூசான பெல்ட், உப்பிப்போன ஓஸ், இதெல்லாமும் அன்னைக்கே பாத்துடலாம்.

இப்ப முக்கியமான வேலை, கிட்டத்தட்ட செலவே இல்லாதது. கிரில்லைக் கழட்டிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏசி கன்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர்னு வரிசையா நிக்கும், வெளிய இருந்து பாத்தா முதல் ஜாலி (காத்து போற மெல்லிசான தகடு வரிசை) பளிச்சுனு இருக்கும், ஆனா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடுக்குலதான் எல்லாம் போய் அடைஞ்சிருக்கும். கேரட் கழுவற இடத்துல ஒட்டுன சேறு காஞ்சு கட்டியாகி, அதுல சில்வர் ஓக் இலை, தேயிலைத் தூள், செத்த பூச்சி எல்லாம் சேந்து மெத்தை மாதிரி படிஞ்சிருக்கும். மேல பிராக்கெட்டைக் கழட்டி ரேடியேட்டரைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சு, இன்ஜின் பக்கத்துல இருந்து முன்பக்கமா தண்ணி விடுங்க, சாதாரண பைப் தண்ணி போதும், வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்ட வெச்சு அடிச்சா ஜாலி மடங்கி இருந்த வழியும் அடைச்சுக்கும். கழுவுன கையோட ரேடியேட்டரைச் சுத்தி இருக்கற சந்துகள்ல ரப்பர் பீடிங்கோ ஃபோமோ வெச்சு அடைங்க, காத்து சுலபமான வழிலதான் போகும், சைடுல ஓட்டை இருந்தா ஜாலிக்குள்ள ஏன் போகணும்? ஃபேனைச் சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கவர் உடைஞ்சிருந்தா கண்டிப்பா புதுசு போடுங்க, வேலை செய்யறப்ப கழட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போறது நம்ம பக்கத்து வழக்கம், அந்தக் கவர் இல்லன்னா ஃபேன் இன்ஜின் ரூம் காத்தையேதான் சுத்திச் சுத்தி இழுக்கும். கிரில் முன்னாடி மாட்டுன குலதெய்வம் போர்டும் நாலு ஃபாக் லைட்டும் கொஞ்சம் ஓரமா நகரட்டும், சாமி கோவிச்சுக்காது.

அடுத்தது ஃபேன் கிளட்ச், அதாவது சூடு ஏறுனதும் ஃபேனை இன்ஜினோட இறுக்கிப் பிடிச்சு வேகமா சுத்த வைக்கற பாகம். வண்டி நல்லா சூடா இருக்கறப்ப ஆஃப் பண்ணி, சாவியை எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க. பிடிச்சு இழுக்கற மாதிரி கனமா இருக்கணும், சும்மா தள்ளுனதுக்கே நாலஞ்சு ரவுண்டு சுத்துச்சுன்னா உள்ள இருக்கற சிலிக்கான் ஆயில் போயிடுச்சு, நடுவுல எண்ணெய்ப் பிசுக்கும் தெரியும். நல்ல கிளட்ச் ஏத்தத்துல சூடானதும் "ஹோ"ன்னு இரையும், அந்தச் சத்தமே இத்தனை நாளா கேக்கலன்னா மாத்துங்க. இதைத் தூக்கிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமானு கேப்பீங்க, லோடு வண்டிக்கு நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், இன்ஜின்ல நேரா ஓடற பெரிய ஃபேன் இழுக்கற அளவு காத்தைக் கடைல கிடைக்கற சின்ன ஃபேன் இழுக்காது. கம்பெனியே எலக்ட்ரிக் ஃபேன் குடுத்திருந்தா ரெண்டாவது ஸ்பீடு வேலை செய்யுதானு ரிலேயைப் பாருங்க.

இவ்வளவும் பண்ணி இன்னும் 105 தாண்டுதுன்னாதான் ரேடியேட்டர். பழசுல உள்ள உப்பு படிஞ்சிருந்தா கோர் (குழாயும் ஜாலியும் இருக்கற நடுப்பகுதி) மட்டும் மாத்தலாம், புதுசுன்னா ஒரு குழாய் வரிசை கூடுதலா இருக்கற அலுமினியம் கோர் நல்லது, ஆனா ரொம்ப தடியா போனா அதுக்குள்ள காத்தை இழுக்க ஃபேனுக்குத் தெம்பு பத்தாது. இடம் இருந்தா தடிமனை விட அகலத்தையும் உயரத்தையும் கூட்டுங்க.

தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடற வால்வு) கழட்டி எறியறதுன்னு ஒரு வைத்தியம் இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம். ஏத்தத்துக்கு சரி, அப்புறம் ஊட்டில இருந்து இறங்கறப்ப இன்ஜின் சூடே ஏறாம ஓடும், டீசல் அதிகமா குடிக்கும், ஆயில் கெடும். சில இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டோட அடிப்பக்கம்தான் பைபாஸ் வழியை மூடும், அதை எடுத்துட்டா தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்திட்டு இன்னும் அதிகமா கொதிக்கும். கம்பெனி சொன்ன டிகிரிலயே புதுசு போடுங்க.

கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ஓடைத் தண்ணி, போர் தண்ணி எதுவும் வேண்டாம். ஊட்டி உயரத்துல வெறும் தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், நம்மளைக் காப்பாத்தறது ரேடியேட்டர் மூடிதான், 1.1 பார் மூடி நல்லா இருந்தா கொதிநிலை 120 பக்கம் போகும். அதனால மூடி ரப்பர் வெடிச்சிருந்தா யோசிக்காம மாத்துங்க, ஆனா குறிச்சிருக்கற அழுத்தத்தை விட அதிகமா போட்டா ஓஸ்தான் வெடிக்கும். டிசம்பர் ஜனவரில உறைபனி விழற இடத்துல வெறும் தண்ணி ஊத்தி நிறுத்துனா அது வேற செலவு. பச்சைக் கூலன்ட்டும் ஆரஞ்சுக் கூலன்ட்டும் கலக்காதீங்க, மாத்தறதா இருந்தா முழுசா கழுவிட்டு மாத்துங்க.

இன்டர்கூலர் பெருசு பண்றது கடைசி. முதல்ல அதோட ஓஸ்களைத் தடவிப் பாருங்க, ஏத்தத்துல கருப்புப் புகையும் "உஸ்"ஸுனு சத்தமும் வந்தா எங்கயோ காத்து லீக், டீசல் எரியாம சூடு மட்டும் ஏறும். ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தறது) போட்டுட்டு அப்புறம் கூலிங்கைத் தேடறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, அதிக டீசல்னா அதிக சூடு, வரிசை தலைகீழா போச்சு.

கூலன்ட் ஊத்தறப்ப வண்டியை மூக்கு மேல பாக்க சரிவுல நிறுத்துங்க, சரிவுக்கு நம்மூர்ல பஞ்சமில்ல. ஹீட்டரை ஃபுல்லா வெச்சு, மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் பண்ணி, குமிழ் நிக்கற வரைக்கும் ஓஸை அமுக்கி விடுங்க, ஹீட்டர்ல சூடான காத்து வந்தா உள்ள ஏர் லாக் இல்லைன்னு அர்த்தம். ஆறுனதும் லெவல் பாத்து நிரப்பிட்டு, முதல்ல காலி வண்டி, அப்புறம் பாதி லோடு, அப்புறம் முழு லோடுன்னு பர்லியார் வரைக்கும் ஏத்திப் பாருங்க, ரீடிங்கை எழுதி வெச்சுக்கங்க. வழில 105 தாண்டுனா ஏசியை ஆஃப் பண்ணி ஹீட்டரைத் திறந்துட்டு ஓரம் கட்டி ஐடிலிங்ல விடுங்க, அப்பவும் ஏறிட்டே போனாலோ தண்ணி வெளிய ஊத்துனாலோ உடனே ஆஃப், சூட்டுல மூடியை மட்டும் தொடாதீங்க. மறுநாள் காலைல இன்ஜின் ஜில்லுனு இருக்கறப்ப எல்லா ஓஸ் கிளிப்பையும் இன்னொரு தடவை டைட் வெச்சுட்டு லெவல் பாத்து ஊத்திக்கங்க.