டயல்-அப் இணையம் நகரவே மாட்டேன் என்கிறதா? முதலில் போனைக் காதில் வையுங்கள்

இது 2005இல் எழுதியது. இந்த ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் தொடங்கியதிலிருந்து நகரத்து நண்பர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு அது இன்னும் வரவில்லை. இங்கே டயல்-அப்தான்: போன் லைனில் டயல் செய்து, மோடம் (கணினியைப் போன் லைனோடு இணைக்கும் கருவி) கீச்சிட்டு, இரைந்து, அடங்கினால்தான் இணையம். இங்கே இருக்கும் பலருக்கும் இதுதான் நிலைமை என்று தெரியும். ஒவ்வொரு நிமிடமும் போன் பில்லில் ஏறிக்கொண்டிருக்க, ஒரு பக்கம் திறக்க மூன்று நிமிடம் காத்திருப்பது எவ்வளவு எரிச்சல் என்பதும் தெரியும்.

வேகம் குறைந்தவுடன் பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு 'ஸ்பீடு பூஸ்டர்' மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் கோளாறு கணினியில் இல்லை, சுவரில் இருந்தது. ஒரு துருப்பிடித்த திருகு, ஒரு நைந்த ஒயர், எப்போதோ மாடி அறைக்கு இழுத்த இன்னொரு போன். இதையெல்லாம் எந்த மென்பொருளும் சரிசெய்யாது. காசு செலவில்லாமல் நாமே கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படி 1: எண்ணைப் பாருங்கள்

இணைப்பு கிடைத்ததும் திரையின் வலது கீழ் மூலையில் இரண்டு குட்டிக் கணினிகள் போல ஒரு படம் வரும். அதன்மேல் மௌஸை வைத்தால் வேகம் தெரியும். வரவில்லை என்றால் இணைப்பின் பிராப்பர்ட்டீஸில் 'ஷோ ஐகான் இன் நோட்டிஃபிகேஷன் ஏரியா' என்பதை டிக் செய்யுங்கள்.

அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, மணி, மழையா வெயிலா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரு வாரத்தில் பத்துப் பதினைந்து இணைப்புகள் சேர்ந்தால் போதும். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இனி அந்த எண்களைப் படிப்பது எப்படி என்று பார்ப்போம். மோடம் பெட்டியில் 56கே என்று போட்டிருக்கும். அது 56 கிலோபைட் இல்லை, கிலோபிட். எட்டால் வகுத்தால்தான் கிலோபைட். அதாவது முழு வேகம் கிடைத்தாலும் நொடிக்கு 7 கிலோபைட்தான். நடைமுறையில் 56 யாருக்கும் கிடைப்பதில்லை. 40 முதல் 48 வரை வந்தால் உங்கள் லைன் நன்றாக இருக்கிறது. அப்போது நொடிக்கு 5 கிலோபைட் இறங்கும். 4 எம்பி பாட்டு ஒன்று இறங்க ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும். இதைவிட வேகமாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இது கோளாறு இல்லை, டயல்-அப்பின் எல்லை.

எண் எப்போதும் 33.6, 31.2, 28.8, 26.4, 24 என்ற வரிசையிலேயே வருகிறதா? இது முக்கியமான தடயம். இவை மோடம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய வி.34 முறையின் வேகங்கள். 56கே மோடம் வி.90 முறையில் பேச முயன்று, முடியாமல் பழைய முறைக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். வி.90 வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: இணைய நிறுவனத்திலிருந்து உங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வரை எல்லாம் டிஜிட்டலாக வர வேண்டும், கடைசிக் கம்பி மட்டுமே அனலாக்காக இருக்கலாம். நடுவில் இன்னொரு முறை அனலாக்குக்கு மாறினால் அந்த முறை படுத்துவிடும். அலுவலகங்களில் இருக்கும் இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் வழியாக டயல் செய்பவர்களுக்கு அடிக்கடி இப்படித்தான் ஆகிறது. அவர்கள் நேரடி லைனில் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கும் வேகம் இறங்கும். அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சரி, 115.2 என்று காட்டினால்? சந்தோஷப்பட வேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். மோடத்துக்குரிய டிரைவரை (மோடத்தை இயக்கும் மென்பொருள்) போடாமல் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட பொது டிரைவரில் ஓடினால் இப்படிக் காட்டும். மோடத்தோடு வந்த சிடியிலிருந்து சரியான டிரைவரைப் போடுங்கள், உண்மையான எண் தெரியும்.

படி 2: காதால் சோதியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஐந்து நிமிடம் போதும், ஆனால் யாரும் செய்வதில்லை.

இணைப்பைத் துண்டித்துவிட்டு, மோடத்துக்குப் போகும் ஒயரைப் பிடுங்கி அதில் சாதாரண போன் ஒன்றை மாட்டுங்கள். ரிசீவரை எடுங்கள், டயல் டோன் வரும். ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டோன் நின்று சில நொடிகளுக்கு அமைதி இருக்கும். அந்த அமைதியைக் கவனமாகக் கேளுங்கள். வீட்டில் மின்விசிறி, டிவி எல்லாம் நிறுத்தியிருந்தால் நல்லது.

நல்ல லைனில் ஒன்றும் கேட்காது. 'ம்ம்ம்' என்று சீரான ரீங்காரம் கேட்டால் போன் ஒயர் எங்கோ கரண்ட் ஒயரை ஒட்டிப் போகிறது, அல்லது லைனில் எர்த் கசிவு இருக்கிறது. எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல 'படபட'வென்று கேட்டால் எங்கோ ஒரு ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. மழை பெய்த மறுநாள் மட்டும் அதிகமாகக் கேட்டால் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. யாரோ பேசுவது மெலிதாகக் கேட்டால் பக்கத்து லைன் உங்கள் லைனில் கலக்கிறது.

மனிதக் குரலுக்கு இந்தச் சத்தம் பெரிய தொந்தரவு இல்லை, 'ஹலோ, ஹலோ' என்று சமாளித்துவிடுவோம். மோடத்துக்கு அப்படியில்லை. அதுவும் இந்தக் கம்பியில் ஒலியாகத்தான் பேசுகிறது. ஒவ்வொரு 'பட'க்கும் ஒரு துண்டுச் செய்தி கெடும், அதை மறுபடி கேட்டு வாங்கும். நிறையக் கெட்டால் வேகத்தையே குறைத்துக்கொள்ளும். இதைக் கண்ணாலும் பார்க்கலாம். இணைப்பில் இருக்கும்போது அந்தக் குட்டிக் கணினிப் படத்தை இருமுறை கிளிக் செய்தால் வரும் பெட்டியில் 'எர்ரர்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் லைனில் சத்தம் இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

படி 3: வீட்டு ஒயரைச் சுத்தம் செய்யுங்கள்

வெளியிலிருந்து வரும் லைன் முதலில் வந்து சேரும் சின்னப் பெட்டிதான் ரோசெட். அங்கிருந்து வீட்டுக்குள் எத்தனை கிளை போகிறது என்று பாருங்கள். பேரலல் போன் (அதே லைனில் கூடுதலாக மாட்டிய போன்), காலர் ஐடி பெட்டி, கடையில் வாங்கிய இரண்டு வழி பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மோடத்தை நேராக முதல் ரோசெட்டில், முடிந்தவரை குட்டையான புது ஒயரால் மாட்டி டயல் செய்து பாருங்கள். எண் ஏறினால் கோளாறு வீட்டுக்குள்தான். இனி ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி எதை மாட்டும்போது வேகம் இறங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பத்து மீட்டர் தட்டை ஒயரோ, பேரலல் போனோதான் மாட்டும்.

ரோசெட்டைத் திறந்து திருகுகளையும் பாருங்கள். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் ஒயரின் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, திருகை இறுக்குங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: போன் லைனில் சாதாரணமாக 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு ஏறும். அந்த நேரத்தில் விரல் வைத்தால் நன்றாகவே அடிக்கும். காய்ந்த கையோடு, பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் செய்யுங்கள். இடி மின்னல் இருக்கும்போது கிட்டேயே போகாதீர்கள். அந்த நேரத்தில் மோடத்தின் ஒயரையும் பிடுங்கி வைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் மோடம் கருகிப் போன வீடுகள் நிறைய.

கால் வெயிட்டிங் வசதி வாங்கியிருந்தால் இணையத்தில் இருக்கும்போது நிறுத்தி வையுங்கள். அந்த 'பீப்' ஒன்றே இணைப்பை அறுத்துவிடும். நிறுத்தும் எண்ணை உங்கள் எக்ஸ்சேஞ்சில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: மோடம் அமைப்புகள்

இது சுருக்கமாகவே முடியும். கன்ட்ரோல் பேனலில் 'போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்', அதில் உங்கள் மோடத்தின் பிராப்பர்ட்டீஸ். 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'சேஞ்ச் டிஃபால்ட் பிரிஃபரன்சஸ்' அழுத்தினால் நான்கு வரிகள் வரும். போர்ட் ஸ்பீடு 115200, டேட்டா புரோட்டோகால் ஸ்டாண்டர்டு, கம்ப்ரெஷன் எனேபிள்டு, ஃப்ளோ கன்ட்ரோல் ஹார்டுவேர். இப்படி இருந்தால் சரி.

கணினிக்குள்ளேயே இருக்கும் விலை குறைந்த மோடம்கள் பெரும்பாலும் தங்கள் வேலையைக் கணினியின் பிராசஸர் தலையில் கட்டுபவை. இறக்கம் நடக்கும்போது கனமான விளையாட்டு எதையும் திறக்காதீர்கள்.

படி 5: உங்களுக்குத் தெரியாமல் யார் இறக்குகிறார்கள்?

இணைத்துவிட்டு எதையும் திறக்காமல் சும்மா இருங்கள். அந்தக் குட்டிக் கணினிகள் நிற்காமல் மின்னுகின்றனவா? அப்படியென்றால் வேறு யாரோ உங்கள் லைனைப் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸ் அப்டேட்டாக இருக்கலாம், ஆன்டிவைரஸ் அப்டேட்டாக இருக்கலாம், பிளாஸ்டர், சாஸர் போன்ற புழுவாகவும் இருக்கலாம். 2003, 2004 ஆண்டுகளில் பரவிய இந்தப் புழுக்கள் அப்டேட் செய்யாத எக்ஸ்பி கணினி இணையத்துக்கு வந்தாலே தொற்றிக்கொள்பவை. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் பயர்வாலைப் போட்டுவிட்டு டயல் செய்வது நல்லது.

எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2 தானாகவே பயர்வாலைப் போட்டுவிடும், கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதன் முழுத் தொகுப்பு 266 எம்பி. நம் வேகத்தில் இறக்க 15 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிடியில் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: பக்கத்தில் எது கனம்?

தமிழில் படிப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை. யூனிகோடுக்கு மாறினால் தமிழ்ப் பக்கங்கள் கனமாகிவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். கணக்கு உண்மைதான். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி எழுத்துருவில் ஒரு குறிக்கு ஒரு பைட், யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். 'கி' என்று எழுதினால் ககரத்துக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று, ஆக ஆறு பைட். ஆனால் அந்த மூன்று பைட்டில் முதலாவது எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவது, இருப்பதே இரண்டு வகை. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதான் மோடத்தின் கம்ப்ரெஷன் வேலை, அதனால் தமிழை அது நன்றாகவே சுருக்கும். சுருக்காவிட்டாலும் ஒரு நீண்ட கட்டுரை 36 கிலோபைட் இருந்தால் ஏழெட்டு நொடியில் வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் 100 கிலோபைட் புகைப்படத்துக்கு 20 நொடி ஆகும், அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் மோடத்தால் மேலும் சுருக்கவும் முடியாது.

ஆகவே படங்களை நிறுத்துங்கள், எழுத்தை அல்ல. ஃபயர்ஃபாக்ஸிலும் ஓபராவிலும் இதற்கு வசதி உண்டு. மின்னஞ்சலை அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மூலம் மொத்தமாக இறக்கி, லைனைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். நாலைந்து பக்கங்களைத் தனித்தனி ஜன்னலில் திறந்துவிட்டு இணைப்பை வெட்டிவிட்டுப் படிப்பதும் நல்ல பழக்கம்.

படி 7: கோளாறு யார் பக்கம்?

இப்போது நோட்டை எடுங்கள். இணைப்பு எண் 44, ஆனால் இறக்க வேகம் நொடிக்கு 1 கிலோபைட் என்றால் உங்கள் கம்பி நன்றாக இருக்கிறது, இணைய நிறுவனத்தின் பக்கம் கூட்டம். இரவு எட்டு மணிக்கு இப்படியும், விடியற்காலை ஐந்து மணிக்கு நன்றாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். வேறு நிறுவனத்தின் பத்து மணி நேர இணைய அட்டை ஒன்று வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இணைப்பு எண்ணே எந்நேரமும் குறைவு, வீட்டு ஒயரும் சுத்தம், ஆனால் காதில் இரைச்சல் என்றால் கோளாறு வெளிக்கம்பியில். போன் கோளாறுகளுக்கான புகார் எண் 198க்குப் போன் செய்யுங்கள். இங்கே ஒரு விஷயம்: 'இன்டர்நெட் ஸ்லோ' என்று புகார் சொல்லாதீர்கள். போன் லைன் பேசுவதற்குத்தான் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். 'பேசவே முடியவில்லை, லைனில் இரைச்சல்' என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. புகார் எண்ணை வாங்கி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க எண் 24ஐத் தாண்டவில்லை. லைன்மேன் அண்ணன் வந்தபோது ரிசீவரை அவர் காதிலேயே வைத்துக் கேட்கச் சொன்னேன். ஒரு நொடியில் புரிந்துகொண்டார். கம்பத்தில் லைன்கள் பிரியும் டிபி பாக்ஸிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் ஒயர் முருங்கைக் கிளையில் உரசி உரசி, தோல் போய், உள்ளே இருந்த ஜாயின்ட் கறுத்திருந்தது. அதை வெட்டிவிட்டுப் புது ஒயர் இழுத்தார்.

உங்கள் வீட்டுக்கும் அவர் வந்தால், வேலை முடிந்ததும் உடனே அனுப்பிவிடாதீர்கள். டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு, அவர் இருக்கும்போதே ஒருமுறை டயல் செய்து எண்ணைப் பாருங்கள். குறைவாகவே இருந்தால் தெருவில் இருக்கும் இணைப்புப் பெட்டியான பில்லரில் வேறு ஜோடிக் கம்பிக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள், காலி ஜோடி இருந்தால் செய்து தருவார்கள். எங்களுக்கு அன்று அது தேவைப்படவில்லை. அண்ணன் டீ குடித்து முடிப்பதற்குள் திரையில் 44 வந்துவிட்டது.