பழைய மாருதி: எந்த வருசத்து வண்டி, எதைப் பார்த்து வாங்குவது

"கெடாதுங்க, ஸ்பேர் எந்தச் சந்துலயும் கிடைக்கும், வித்தாலும் காசு நிக்கும்." கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் என்று எங்கே பழைய மாருதி கேட்டாலும் புரோக்கர் முதலில் சொல்வது இதுதான். பொய்யில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவை சில எஞ்சின்கள்தான். விலை மட்டும் எல்லா வண்டிக்கும் அந்தப் பெயரை வைத்தே சொல்லப்படுகிறது. அதனால் பெயின்டையும் சீட் கவரையும் பார்க்கும் முன் ஆர்.சி. புக்கை வாங்கித் தயாரிப்பு ஆண்டையும் எஞ்சின் எண்ணையும் படியுங்கள்.

எஞ்சின் எண்ணின் முதல் எழுத்துகள் பாதிக் கதையைச் சொல்லிவிடும். எஃப்8பி என்றால் 796 சிசி, மூன்று சிலிண்டர். மாருதி 800-லும் ஆம்னியிலும் வருவது. எஃப்8டி பழைய ஆல்டோவுடையது, அதே 796 சிசி, 12 வால்வு. ஜி13 என்றால் எஸ்டீம் அல்லது 2005-இல் வந்த முதல் ஸ்விஃப்ட் பெட்ரோல். கே10, கே12 என்பவை 2010 வாக்கில் வந்தவை. டி13 என்றால் டீசல். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்க எஃப், ஜி வரிசைக்கு டைமிங் பெல்ட் (ரப்பர் பட்டை). கே வரிசைக்கும் டீசலுக்கும் டைமிங் செயின். பெல்ட் வண்டி வாங்கினால், பெல்ட் மாற்றிய பில்லைக் கண்ணில் பார்க்காதவரை அது மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெயர் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1971-இல் சஞ்சய் காந்தி தொடங்கிய மாருதி மோட்டார்ஸ் கார் எதையும் சந்தைக்குக் கொண்டுவராமலே மூடப்பட்டது. அரசு அதை எடுத்துக்கொண்டு, 1981 பிப்ரவரியில் மாருதி உத்யோக் என்று பதிவு செய்தது. 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகி 26 சதவீதப் பங்குடன் உள்ளே வந்தது. 1983 டிசம்பர் 14 அன்று குர்கானில் முதல் 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். அதுவரை அம்பாசிடரும் பத்மினியும் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, சாவி திருகியதும் ஸ்டார்ட் ஆகிற, கியர் வெண்ணெயாக விழுகிற சின்ன வண்டி பெரிய விஷயம். 2002-இல் நிர்வாகம் சுசுகி கைக்குப் போனது. 2007-இல் பெயர் மாருதி சுசுகி ஆனது. 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது.

நம் ஊருக்கும் அந்த எஞ்சினுக்கும் தனிக் கணக்கு உண்டு. கோயமுத்தூர் கரிவரதன் 1988-இல் அதே 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி ஃபார்முலா மாருதி என்ற வகுப்பையே தொடங்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தயத்தில் இறங்கியதும் அந்த வகைக் காரில்தான். செட்டிபாளையம் பந்தயத் தடத்துக்கு இன்று கரிவரதன் பெயர். எஞ்சின் அடி தாங்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அது தாங்காதது ஒன்றே ஒன்று, சூடு.

ரேடியேட்டர் தண்ணி

கொங்கு நாட்டில் ஓடிய 800, ஆம்னி, ஆல்டோ எதைப் பார்க்கப் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஏனுங்கண்ணா, ரேடியேட்டருக்கு என்ன தண்ணிங்க ஊத்துனீங்க?" பல்லடம், அவிநாசி, காங்கேயம் பக்கத்து போர்த்தண்ணியில் உப்பு அதிகம். வீட்டுக் குழாய் முனையிலும் வாட்டர் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சினின் மேல்பகுதி) நீர்வழியிலும் படியும். படிந்தால் சூடு தண்ணிக்குப் போகாமல் அலுமினிய ஹெட்டிலேயே தங்கும். ஹெட் வளையும், அதன் அடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் போகும். கூலன்ட்டுக்குப் (ரேடியேட்டருக்கென்றே விற்கும் நிறத் திரவம்) பதில் வெறும் தண்ணி ஊற்றிய வண்டியில் துருவும் சேர்ந்துகொள்ளும்.

பார்க்கிற முறை இது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு வழவழப்பாக இருந்தால் நல்லது. செங்கல் நிறத்தில் கலங்கல், விளிம்பில் வெள்ளைப் பொருக்கு என்றால் போர்த்தண்ணிதான். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். காப்பி நிற நுரை ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணி கலக்கிறது. பிறகு ரேடியேட்டர் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். முதலில் நாலைந்து குமிழி வருவது காற்று. நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டருக்குள் எரிகிற வாயு கேஸ்கெட் வழியாகக் கசிகிறது. இந்த மூன்று சோதனைக்கும் கருவி எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. சூடு ஏறுகிறது என்று வண்டி வந்தால் தெர்மோஸ்டேட்டை (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணி வழி திறக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு அனுப்பும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. சூடு குறைந்த மாதிரித் தெரியும். ஆனால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடும், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் முறை) வண்டியில் கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் சரிந்ததற்குப் பலரும் ஸ்பார்க் பிளக்கையும் இன்ஜெக்டரையும் மாற்றிப் பணத்தை விடுவது இதனால்தான். கண்டுபிடிப்பது எளிது. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். தெர்மோஸ்டேட் இருந்தால் கொஞ்ச நேரம் ஹோஸ் குளிர்ச்சியாகவே இருந்து, சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே மெதுமெதுவாகச் சூடேறினால் உள்ளே தெர்மோஸ்டேட் இல்லை, அல்லது அது திறந்தபடியே சிக்கியிருக்கிறது.

ஹெட் ஏற்கெனவே ஒருமுறை இறக்கப்பட்டிருந்தால் அது தானாகக் குற்றமாகாது. லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடித்தார்களா (வளைந்த முகத்தைச் சமமாகச் சீவினார்களா) என்று கேளுங்கள். ஹெட்டின் முகத்தில் நேரான இரும்புப் பட்டை வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டால் 0.05 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. இதைச் செய்யாமல் புது கேஸ்கெட் மட்டும் போட்டால் சில மாதத்தில் திரும்பவும் ஹெட்டை இறக்க வேண்டிவரும்.

புகையும் ஓட்டமும்

நீங்கள் போவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். சில கோளாறுகள் குளிர் ஸ்டார்ட்டில் மட்டுமே காட்டும்.

நீலப்புகையில் இரண்டு வகை. இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது ஒரு பொத்தென்று வந்து நின்றால் வால்வு சீல், செலவு குறைவு. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். அது ரீபோர் (சிலிண்டரைக் கடைவது) வரை போகும். ஐட்லில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று தள்ளுவதும் ரிங்குக்கே அறிகுறி. அதனால் சமவெளியில் மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதாது. சென்னிமலையோ திருச்செங்கோடோ, மலைப்பாதை பக்கத்தில் இருந்தால் ஏற்றிப் பாருங்கள். இல்லாவிட்டால் நீளமான மேம்பாலம். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுக்க மிதிக்கும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டம் போடும்போது டக்டக் சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்.

800 வாங்கினால் கார்புரேட்டரா எம்.பி.எஃப்.ஐ.யா என்று ஆண்டை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 2000 வாக்கில்தான் மாறியது. டாஷ்போர்டுக்குக் கீழே சோக் நாப் இருந்தால் கார்புரேட்டர். இரண்டும் நல்லவைதான். ஆனால் கார்புரேட்டரை ட்யூன் செய்யத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது; இப்போது பங்கில் கிடைக்கும் எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் ஊறிப்போகும் தொல்லையும் உண்டு. வாங்கியதும் டேங்கிலிருந்து எஞ்சின் வரை எரிபொருள் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

டீசல் ஸ்விஃப்ட், டிசையர் தேடுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். 1248 சிசி டீசல் சுசுகியின் சொந்தச் சரக்கு அல்ல, ஃபியட் வடிவமைத்தது. 2007 ஸ்விஃப்ட்டிலிருந்து 2020 வரை மாருதி வண்டிகளில் ஓடியது. நல்ல எஞ்சின், ஆனால் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் மன்னிக்காது. குளிர் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் சங்கிலிச் சத்தம் கடகடவென்று வந்தால் டைமிங் செயின் நீண்டிருக்கிறது. டி போர்டில் (வாடகைக்கு) ஓடி ஓன் போர்டாக (சொந்த வண்டியாக) மாறிய டிசையர்கள் நிறைய. மீட்டரில் 80,000 காட்டும், கிளட்ச் பெடல் ரப்பர் வழித்துப்போய் இருக்கும். மீட்டரைப் பின்னால் திருப்புபவர்கள் பெடல் ரப்பரையும் சீட் பெல்ட் நைப்பையும் மறந்துவிடுவார்கள். கம்பெனி சர்வீஸ் பதிவைச் சேசிஸ் எண் கொடுத்துக் கேட்டால் கடைசி கிலோமீட்டர் தெரிந்துவிடும்.

எந்த ஊர் நம்பர்

நம் பகுதி மழை மறைவுப் பகுதி; கடல் காற்றும் இல்லை. டி.என். 33, 37, 38, 39, 47 வண்டிகளில் துரு குறைவாக இருப்பது அதனால்தான். டி.என். 43 என்றால் நீலகிரி. கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் கிளட்ச், பிரேக் டிரம் தேய்மானம் அதிகம் இருக்கும். வாளையார் தாண்டி வரும் கே.எல். வண்டி விலையில் கவர்ச்சியாக இருக்கும். மழையில் நின்ற வண்டி. கார்ப்பெட்டைத் தூக்கித் தரையை அழுத்துங்கள். ரன்னிங் போர்டின் அடி, பேட்டரி தட்டு, ஸ்டெப்னி கிடக்கும் குழி, ஆம்னியானால் சறுக்குக் கதவின் தண்டவாளம் ஆகியவற்றில் பொத்தல் தேடுங்கள். அதோடு அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

பாதுகாப்பில் பழைய மாருதிகளின் பெயர் அவ்வளவு நல்லதல்ல. 2014 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800-க்கும் ஸ்விஃப்ட்டுக்கும் கிடைத்தது பூஜ்யம். அதே கம்பெனியின் டிசையர் 2024-இல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. சேலம் நெடுஞ்சாலையில் தினம் குடும்பத்தோடு போகிறவர்கள் 800-ஐ விட்டுவிட்டு, இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் உள்ள பிந்தைய வண்டியைத் தேடட்டும். சந்தைக்கும் தோட்டத்துக்கும் போய்வர 800 போதும்.

காகித வேலை எளிதுதான். பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு லோன் பாக்கி, சலான், இன்சூரன்ஸ் பாருங்கள். லோன் இருந்தால் பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. 15 வருசம் தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பிப்பு (படிவம் 25) ஐந்தைந்து வருசத்துக்கு. 2022 ஏப்ரலிலிருந்து அதன் கட்டணம் 5,000 ரூபாய், 20 வருசம் தாண்டினால் இன்னும் கூடுதல். பசுமை வரி தனி. ஆம்னியில் கேஸ் இருந்தால் ஆர்.சி.யில் பெட்ரோல்/எல்.பி.ஜி. என்று ஏறியிருக்க வேண்டும். வீட்டுச் சிலிண்டர் மாட்டிய தடம் தெரிந்தால் பேரமே பேச வேண்டாம்.

வாங்கிய முதல் வாரத்தில் ஆயில், ஃபில்டர், ஏர் ஃபில்டர், பெல்ட் வண்டியானால் டைமிங் பெல்ட், தண்ணி பம்ப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுங்கள். பெல்ட்டைக் கழற்றும்போதே பம்பையும் மாற்றினால் கூலி ஒருமுறைதான். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவக் கொடுத்து, தெர்மோஸ்டேட் இல்லாவிட்டால் புதிது போட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்த கூலன்ட் ஒரு லிட்டரை டிக்கியில் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் வழியில் அளவு குறையும்போது யாராவது பைப்புத் தண்ணியைத்தான் கொண்டுவந்து ஊற்றுவார்கள்.